எல்லையின் இருபுறமும் ஒரே தகவல்: தரவை இணைக்கும் இணையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள–தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் பேசுகிற குடும்பங்களுக்கு எப்போதும் இரண்டு அரசுகளோடு வேலை இருக்கும். ரேஷன் கார்டு கேரளத்தில், பிறப்புச் சான்றிதழ் கோவையில், தோப்பு பொள்ளாச்சிப் பக்கம், வங்கிக் கணக்கு சித்தூரில் என்று காகிதமெல்லாம் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கும். இங்கே மாலையில் கணினி வகுப்பு எடுக்கிறேன். "இனி இணையத்தில் எல்லாத் தகவலும் ஒன்று சேரும் என்கிறார்களே, அது என்ன சங்கதி?" என்று பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தரவை இணைப்பது என்றால் என்ன? இணையத்தில் எல்லாம் ஏற்கெனவே இணைந்துதானே இருக்கிறது?

இப்போது இணைந்திருப்பவை பக்கங்கள். ஒரு பக்கத்தில் உள்ள சுட்டியைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும். இரண்டையும் படித்துவிட்டு, இதில் வரும் அணையும் அதில் வரும் அணையும் ஒன்றே என்று புரிந்துகொள்வது நாம்தான். கணினிக்கு இரண்டுமே வெறும் எழுத்து.

பக்கத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலையும் வேறு தளத்தில் உள்ள தகவலோடு கணினியே பொருத்திப் பார்க்கும்படி வெளியிடுவதைத்தான் தரவை இணைப்பது என்கிறோம். அப்படிச் செய்திருந்தால், "இந்த மாதம் தமிழ்நாட்டு ஆழியாற்றிலிருந்து கேரளத்துச் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது, சித்தூர் வட்டத்தில் எவ்வளவு பரப்பில் நெல் நட்டிருக்கிறார்கள்" என்பதை ஒரே கேள்வியாகக் கேட்டுப் பதில் வாங்கலாம். இன்றைக்கு அதற்கு இரண்டு மாநிலத்திலும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும்.

இது யாருடைய யோசனை?

WWW என்கிற உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ உடையதுதான். 1989-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் அவர் எழுதிய முதல் திட்ட வரைவிலேயே மனிதர்கள், கருவிகள், ஆவணங்கள் இவற்றுக்கு இடையிலான உறவுகளைக் குறிக்கும் எண்ணம் இருந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் வலைக்கான மென்பொருளை எல்லோருக்கும் பொதுவாக்கியது. பக்கங்கள் பெருகின, உறவுகளைக் குறிக்கும் பகுதி பின்தங்கியது.

2001-இல் வேறு இருவரோடு சேர்ந்து தகவலின் பொருளைக் கணினியே புரிந்துகொள்ளும் பொருளுணர் வலை என்ற கருத்தை அவர் ஒரு அறிவியல் இதழில் விரிவாக எழுதினார். 2006-இல் அதை நான்கு எளிய விதிகளாகச் சுருக்கினார்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி கொடு, அது உலாவியில் திறக்கிற முகவரியாக இருக்கட்டும், திறந்தால் எல்லோருக்கும் பொதுவான வடிவில் பயனுள்ள விவரம் கிடைக்கட்டும், அந்த விவரத்திலிருந்து மற்றப் பொருள்களுக்குச் சுட்டி இருக்கட்டும். இன்றுவரை இதைவிடத் தெளிவான வழிகாட்டுதலை நான் பார்த்ததில்லை.

ஊருக்கும் அணைக்கும் எதற்கு எண்? பெயர் போதாதா?

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர் என்று தேடினால் ஆந்திரச் சித்தூரும் வரும், நம் பாலக்காட்டுச் சித்தூரும் வரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. எந்தச் சித்தூர் மழை அளவு என்று கணினிக்கு யார் சொல்வது? இன்னொரு பக்கம், ஒரே ஊருக்குப் பல பெயர். பாலக்காடு பழைய ஆவணங்களில் பால்காட் என்று இருக்கும்.

ரயில்வே இதை எப்போதோ தீர்த்துவிட்டது. ஊர்ப் பெயர் பாலக்காடு என்று மாறிய பிறகும் ஜங்ஷனின் குறியீடு பிஜிடி என்றே இருக்கிறது. மெட்ராஸ் சென்னையாயிற்று, சென்ட்ரலின் பெயரும் நீண்டது. டிக்கெட்டில் குறியீடு இன்னும் எம்ஏஎஸ்தான். பெயர் எப்படி மாறினாலும் குறியீடு அசையாததால் முன்பதிவு குழம்புவதில்லை.

இணையம் முழுவதற்கும் இதே வேலையை விக்கித்தரவு செய்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளையின் திட்டமான இது 2012 அக்டோபரில் தொடங்கியது. இன்று அதில் 10 கோடிக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன. கேரளம் அதில் கியூ 1186, தமிழ்நாடு கியூ 1445. அந்த எண் சேர்ந்துதான் அந்தப் பொருளின் முகவரி. மலையாளத்தில் தேடினாலும் தமிழில் தேடினாலும் அதே எண்ணுக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். நம் நாட்டு நிர்வாகத்திலும் இப்படி ஒன்று இருக்கிறது: மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோப்பகம் ஒவ்வொரு கிராமத்துக்கும் பஞ்சாயத்துக்கும் தனி எண் வைத்திருக்கிறது. எல்லாத் துறைகளும் தங்கள் கோப்புகளில் அந்த எண்ணை ஒரு நிரலாகச் சேர்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

ஒரு உதாரணத்தை முழுசாகக் காட்ட முடியுமா?

பரம்பிக்குளம் அணையைப் பார்ப்போம். இந்தப் பக்கத்து விவசாயிக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடையாது.

அணை இருப்பது கேரள மண்ணில். இயக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரையிலான நீர் ஆண்டில், மணக்கடவு தடுப்பணை வழியாகத் தமிழ்நாடு கேரளத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும். சித்தூர்ப்புழைப் பாசனம் அதை நம்பித்தான் இருக்கிறது.

இதைக் கணினிக்குச் சொல்ல ஆர்டிஎஃப் என்ற முறை உண்டு. 1999-இலேயே வலைத் தரங்களுக்கான அமைப்பு பரிந்துரைத்தது. எந்தத் தகவலையும் மூன்று துண்டாக எழுத வேண்டும், அவ்வளவுதான்:

பரம்பிக்குளம் அணை – அமைந்துள்ள மாநிலம் – கேரளம்
பரம்பிக்குளம் அணை – இயக்கும் அரசு – தமிழ்நாடு
மணக்கடவு தடுப்பணை – ஓராண்டுக்குத் தர வேண்டிய நீர் – 7.25 டிஎம்சி
மணக்கடவு தடுப்பணை – நீர் சேரும் ஆறு – சித்தூர்ப்புழை

ஒவ்வொரு துண்டும் ஒரு முகவரி. கடைசித் துண்டு சில இடங்களில் வெறும் எண்ணாகவும் இருக்கலாம். முதல் மூன்று வரிகளைத் தமிழ்நாட்டுத் தளமும் கடைசி வரியைக் கேரளத் தளமும் வெளியிட்டால்கூடப் போதும். முகவரிகள் ஒன்றாக இருப்பதால் வரிகள் தாமாகக் கோர்த்துக்கொள்ளும். யாரும் யாருக்கும் கோப்பு அனுப்ப வேண்டியதில்லை.

இதில் எங்கே தடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பரம்பிக்குளம் நிறைந்துவிட்டது என்று வரும் செய்திகளில் சில 72 அடி என்கும், சில 1,825 அடி என்கும். இரண்டும் சரி. ஒன்று அணையின் அடியிலிருந்து அளந்தது, மற்றது கடல் மட்டத்திலிருந்து அளந்தது. கொள்ளளவுக்கும் அப்படியே: ஓர் இடத்தில் டிஎம்சி, இன்னோர் இடத்தில் மில்லியன் கன மீட்டர். 7.25 டிஎம்சி என்பது ஏறக்குறைய 205 மில்லியன் கன மீட்டர். எங்கிருந்து அளந்தது, எந்த அலகு, எந்த நாள் என்ற மூன்றையும் எண்ணோடு சேர்த்துக் கட்டாவிட்டால், இணைத்த தரவு இணைக்காததைவிட ஆபத்து.

2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து தண்ணீர் பாய்ந்தது. இயக்கும் அரசு ஒன்று, எச்சரிக்கை போக வேண்டிய சாலக்குடி ஆற்றங்கரை இன்னொரு மாநிலத்தில். அப்படிப்பட்ட இரவில் நீர்மட்டமும் வெளியேற்றமும் கீழே உள்ள அணைகளின் நிலையும் ஒரே திரையில், ஒரே அலகில், நிமிடக் கணக்கில் தெரிய வேண்டும். தரவு இணைப்பில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இவ்வளவு நல்ல யோசனை என்றால் ஏன் இன்னும் நடக்கவில்லை?

வேலை அதிகம், கூலி இல்லை. தரவை ஒழுங்குபடுத்தி முகவரி கொடுப்பவர் ஒருவர். பலன் அடைபவர் வேறொருவர். இதற்கென்று தனிப் பணியிடமோ பணமோ ஒதுக்கும் அலுவலகங்கள் குறைவு.

அதற்குள் பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டன. 2011-இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து ஒரு பக்கத்தில் இருப்பது என்ன என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல் தொகுதியை வெளியிட்டன. சமையல் குறிப்பு, வேலை அறிவிப்பு, கடை நேரம் எல்லாம் தேடல் முடிவிலேயே பெட்டி போட்டு வருகிறதே, அது பெரும்பாலும் இதன் வேலை. 2012-இல் கூகுள், ஆள், ஊர், பொருள் இவற்றின் உறவுகளைச் சேர்த்து வைக்கும் தன் அறிவு வரைபடத்தைக் கொண்டுவந்தது. இவை பயனுள்ளவை, மறுக்கவில்லை. ஆனால் இணைப்பு அவர்கள் கிடங்குக்குள் நடக்கிறது. நாம் பார்ப்பது சன்னல் வழியாக மட்டும். ஊர், ஆறு, அணை, சாலை இவற்றின் அடையாள எண்கள் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், ஒரு நிறுவனத்தின் தயவில் இருக்கக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

முழுக்கப் பொதுவாக நடக்கும் வேலையும் உண்டு. ஆனைமலையில் இருவாச்சியைப் பார்த்த ஒருவரும் பரம்பிக்குளத்தில் அதே பறவையை மலையாளத்தில் மலமுழக்கி வேழாம்பல் என்று பார்த்த ஒருவரும் பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் பதிந்தால், இரண்டும் ஒரே அறிவியல் பெயரின் கீழ் சேரும். அங்கிருந்து உலகப் பல்லுயிர்த் தகவல் வசதியான ஜிபிஃப் தளத்துக்கும் போகும். 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை வரைபடத் தொகுப்பை ஆர்வலர்கள் சேர்ந்தே முடித்தார்கள். காட்டில் மாநில எல்லை தாண்டிப் பறக்கும் பறவைக்கு நடந்தது தண்ணீருக்கும் நடக்கலாம்.

வெப் 3.0 என்பதும் வெப்3 என்பதும் ஒன்றா?

இல்லை. வெப் 3.0 என்று முன்பு சொன்னது நாம் இதுவரை பேசிய பொருளுணர் வலையை. வெப்3 என்பது 2014-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் உருவாக்கத்தில் பங்குபெற்ற கேவின் வுட் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர். அது பிளாக்செயின் (பல கணினிகளில் ஒரே பதிவேட்டை வைத்திருக்கும் முறை), கிரிப்டோ நாணயம் சார்ந்தது. வெப் 3.0 வகுப்பு என்று சொல்லி யாராவது நாணயம் வாங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, எதைக் கேட்டாலும் பதில் சொல்கிறது. இனி இந்த இணைப்பெல்லாம் எதற்கு?

அந்தச் செயலிகளுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகள் படித்ததிலிருந்து பொருத்தமான வாக்கியத்தை உருவாக்குகின்றன. "மணக்கடவு வழியாக நேற்று எத்தனை கன அடி வந்தது?" என்று கேட்டால், அளவு எங்காவது வெளியாகி, அதை மாதிரி எட்டிப் பார்க்க முடிந்தால்தான் சரியான பதில் வரும். இல்லாவிட்டால் சரி போலத் தோன்றும் ஒரு எண் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் திரையில் தெரியாது.

அதனால் தேவை கூடியிருக்கிறது என்றே சொல்வேன். விக்கித்தரவின் விவரங்களை மொழி மாதிரிகள் எளிதில் தேடி எடுக்கும்படி செய்யும் திட்டம் ஒன்றை 2025 அக்டோபரில் விக்கிமீடியா ஜெர்மனி வெளியிட்டது. பதிலோடு ஆதார முகவரியும் சேர்ந்து வர வேண்டும் என்றால், அந்த முகவரியில் உண்மையாகவே ஏதாவது இருக்க வேண்டுமே.

நிலம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அந்தப் பதிவுகள் ஒன்று சேருமா?

தமிழ்நாட்டில் பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு. கேரளத்தில் தண்டப்பேர் எண் (நில உடைமையாளரின் கணக்கு எண்), வில்லேஜ் ஆபீசில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது. அங்கே வி.ஏ.ஓ., இங்கே வில்லேஜ் ஆபீசர். பழைய பத்திரமாக இருந்தால் இன்னும் சிக்கல்: 1956-க்கு முன் பாலக்காடு மெட்ராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, சித்தூர் 1949 வரை கொச்சி ராஜ்ஜியத்து ஊர்.

மத்திய அரசு 2021-இல் தொடங்கிய நில அடையாள எண் திட்டம் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் 14 இலக்கக் குறியீடு தருகிறது. நிலத்தின் மூலைகளுடைய புவி ஆயத்தொலைவிலிருந்து அது உருவாவதால், எந்த மாநிலம் என்ற கேள்வியே எழாது. கேரளத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவையும் இதற்கு உதவும். பதிவேடுகள் ஒன்று சேராது, ஒன்றையொன்று சுட்டும். அதுவே போதும். அளவையில் உங்கள் எல்லைக்கல் சரியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்துவது அலைச்சல்.

எல்லாவற்றையும் இணைத்தால் என் சொந்த விவரமும் வெளியே வந்துவிடாதா?

வரலாம். இந்தப் பயம் நியாயமானது. பொருளை இணைப்பதும் ஆளை இணைப்பதும் முற்றிலும் வேறு காரியம்.

அணையின் நீர்மட்டத்தை எத்தனை பேரோடு பகிர்ந்தாலும் அணைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒருவருடைய மருந்துச் சீட்டு, நிலம், கடன், பிள்ளை படிக்கும் பள்ளி நான்கும் ஒரே எண்ணில் கோர்க்கப்பட்டால், அந்த எண்ணை வைத்திருப்பவர் கையில் அவர் குடுமி இருக்கும். பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்வதும் போதாது. 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, அமெரிக்காவில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றை மட்டும் கொண்டே தனித்து அடையாளம் காண முடியும் என்று ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி காட்டினார். நம் பஞ்சாயத்து வார்டு அளவுக்கு இறங்கினால் பிறந்த தேதிகூட வேண்டாம்.

ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் ஆளை இணைப்பதன் நல்ல பக்கம். 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களும் அதில் சேர்ந்துவிட்டன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தமிழ்நாட்டுக் கார்டுதாரர் இங்கே வேலைக்கு வந்தாலும் அரிசி வாங்கலாம். ஆனால் மரம் ஏறி, கல் உடைத்துத் தேய்ந்த விரலுக்கு ரேகை விழாதபோது அதே இணைப்பு கதவைச் சாத்திவிடும். மாற்று வழி இல்லாமல் எந்த இணைப்பையும் கட்டாயமாக்கக் கூடாது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெர்னர்ஸ்-லீயே இப்போது சாலிட் என்ற திட்டத்தில் இதற்கு வழி தேடுகிறார்: உங்கள் விவரம் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் இடத்தில் இருக்கும், செயலிகள் அனுமதி கேட்டு எட்டிப் பார்க்கும், வேண்டாம் என்றால் அனுமதியைத் திரும்பப் பெறலாம். அது பரவலாக இன்னும் காலமாகும். அதுவரை, ஆதார் நகல் கேட்கும் இடத்தில் எதற்கு என்று கேளுங்கள். எண்ணின் பெரும்பகுதியை மறைத்த ஆதார் போதுமா என்றும் கேளுங்கள்.

அரசுத் தளங்களில்தான் எல்லாம் பிடிஎஃப் ஆக இருக்கிறதே, அது போதாதா?

படிக்கப் போதும், இணைக்கப் போதாது. பெர்னர்ஸ்-லீ 2010-இல் ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்று வைத்தார். யாரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் எந்த வடிவில் வெளியிட்டாலும் ஒரு நட்சத்திரம், எக்செல் போல அட்டவணையாகக் கொடுத்தால் இரண்டு, எந்த நிறுவனத்தின் மென்பொருளும் தேவைப்படாத சிஎஸ்வி போன்ற வடிவில் மூன்று, முகவரிகளோடு நான்கு, பிறருடைய தரவோடு சுட்டிகள் சேர்த்தால் ஐந்து. நம் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே நிற்கின்றன. உரிமம் எழுதாதவை அங்கேயும் ஏறவில்லை.

தமிழில் இருக்கும் தரவுக்குத் தனிச் சிக்கல் உண்டா?

உண்டு. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் டிஸ்கி, டேப், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கல், தேடவும் முடியாது. முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அடுத்தது, கேரளத் தளங்களில் தமிழ் ஊர்ப் பெயர்கள் மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்குத் திரும்பும்போது உருக்குலைந்து வருவது. ஊர்க்காரர்கள் எழுதுகிற வடிவத்தை ஊர்க்காரர்களே பதிந்து வைத்தால்தான் இது நிற்கும்.

நான் என்ன செய்யலாம்?

விக்கித்தரவில் கணக்கு தொடங்கி உங்கள் பஞ்சாயத்தைத் தேடுங்கள். பக்கம் திறந்ததும் மேலே மொழிவாரியாகப் பெயரும் சிறு விளக்கமும் இருக்கும். தமிழ்ப் பெயர் இல்லையென்றால் சேருங்கள். மாற்றுப் பெயருக்கும் பக்கத்திலேயே கட்டம் உண்டு. கீழே கூற்றுகள்: பி 31 இது என்ன வகை என்பதற்கு, பி 131 எந்த நிர்வாகப் பகுதியில் என்பதற்கு, பி 625 ஆயத்தொலைவுக்கு. மக்கள்தொகை சேர்த்தால் எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் (2011 என்றால் 2011 என்று), எங்கிருந்து எடுத்தது என்பதையும் அதே வரியில் கொடுங்கள்.

யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலும் ஒரே ஊருக்குத் தமிழ், மலையாளம், ஆங்கிலப் பெயர்களைத் தனித்தனியே பதியலாம். குளம், வாய்க்கால், மதகு, பேருந்து நிறுத்தம் இவையெல்லாம் எல்லையோரத்தில் நிறைய விடுபட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. வீட்டையோ ஆளையோ குறிக்க வேண்டாம்.

ஆதாரம் இல்லாத எண்ணைச் சேர்க்காதீர்கள். வேறொருவர் சேர்த்தது தவறு என்று பட்டால், உடனே அழிக்காமல் பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டு இரண்டு நாள் பொறுத்துத் திருத்துங்கள்.